தாயின் சொல்லும் குழந்தையின் உடலும்

பேச்சு வராத குழந்தையின் நோய் மருத்துவரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் தாயின் வாய்வழியாகத்தான். எத்தனை தடவை வாந்தி எடுத்தது, வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது, சிறுநீர் என்ன நிறத்தில் போயிற்று, தூக்கத்தில் மூச்சு நின்றதா என்பதற்கெல்லாம் அவள் சொல்வதே பதில். அந்தப் பதிலை வைத்துத்தான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள், சில வேளை ஆபரேஷன் தியேட்டருக்கும் கொண்டுபோகிறார்கள். மிகப் பெரும்பாலான நேரங்களில் அந்த நம்பிக்கை சரியாகவே இருக்கிறது. சரியாக இல்லாத சில நேரங்களில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. குழந்தைக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வது, பரிசோதனைக்குக் கொடுக்கும் மாதிரியில் எதையாவது கலப்பது, உப்பையோ மருந்தையோ கொடுத்து நோயை வரவழைப்பது, மூச்சை அடைத்துவிட்டு மூச்சு நின்றுவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் மருத்துவ ஏடுகளில் பதிவானவை. இவற்றைக் கண்டுபிடிப்பதை மருத்துவச் சிக்கலாகவும் சட்டச் சிக்கலாகவுமே பேசுகிறோம். ஆனால் அடியில் இருப்பது ஒரு மெய்யியல் கேள்வி: ஒருவர் சொல்லை எந்த உரிமையில் நம்புகிறோம், எந்த உரிமையில் ஐயுறுகிறோம்? அதிலும் அன்பின் பெயரால் வரும் சொல்லை ஐயுற நமக்கு உரிமை உண்டா? உண்டு என்பதும், அந்த ஐயம் குழந்தைக்கு நாம் பட்ட கடன் என்பதும், கட்டுப்பாடற்றுப் போனால் அதே ஐயம் இன்னொரு கொடுமையாகிவிடும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

1977-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் குழந்தைநல மருத்துவர் ராய் மெடோ ‘தி லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில் இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். ஒருத்தி, கே என்று அவர் பெயரிட்ட ஆறு வயதுச் சிறுமி. நாற்றமடிக்கும், ரத்தம் கலந்த சிறுநீர் போகிறது என்பது புகார். வேறு மருத்துவமனைகளில் விடை கிடைக்காமல் அவரிடம் அனுப்பப்பட்டவள். அதற்குள் 12 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 6 முறை மயக்கமருந்து கொடுத்துச் சோதிக்கப்பட்டு, சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்கு 5 முறை ஆளாகி, ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தாள். தெரிந்த எந்த நோயோடும் இந்தக் கதை பொருந்தவில்லை. சில மணி நேரத்துக்கு முன் கெட்டுக் கிடந்த சிறுநீர் அடுத்த முறை சுத்தமாக இருந்தது. மெடோ செய்தது எளிய காரியம். மாதிரியை யார் பிடித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஏழு நாளில் 57 முறை சிறுநீர் எடுக்கப்பட்டது. நர்ஸ் கூடவே நின்று பிடித்த 45 மாதிரிகளும் சுத்தம். தாய் பிடித்தவையும் அவள் பொறுப்பில் இருந்தவையுமான 12 மாதிரிகளில் மட்டும் ரத்தமும் வெவ்வேறு கிருமிகளும் இருந்தன. இத்தனை ஆண்டு இத்தனை நிபுணர்கள் குழந்தையின் சிறுநீரகத்துக்குள் தேடிய விடை, மாதிரிக் குப்பி கைமாறிய இடத்தில் இருந்தது.

இரண்டாவது குழந்தை சார்ல்ஸ். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ரத்தத்தில் உப்பின் அளவு திடீர் திடீரென்று ஏறி மயங்கிப்போவான். இடைப்பட்ட நாட்களில் நன்றாக இருப்பான். வீட்டிலிருந்தும் தாயிடமிருந்தும் விலக்கி வைத்தபோது நோய் வரவில்லை. மருத்துவர்களும் சமூக நலத் துறையினரும் அடுத்து என்ன செய்வது என்று கலந்துகொண்டிருக்கும்போதே ஓர் இரவு அவன் மறுபடி மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டு இறந்தான். இப்படிக் குழந்தைக்கு நோய் புனைவதற்கு மெடோ ‘முன்சாசன் சிண்ட்ரோம் பை பிராக்ஸி’ என்று பெயர் வைத்தார். தனக்கே நோய் இருப்பதாகப் புனைந்து மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கும் பெரியவர்களுக்கு 1951-இல் ரிச்சர்ட் ஆஷர் வைத்த பெயரின் நீட்சி அது. விதிவிலக்கான இரண்டு கதைகள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1987-இல் டோனா ரோசன்பெர்க் அதுவரை வெளியானவற்றில் 117 நேர்வுகளைத் தொகுத்தபோது 9 விழுக்காட்டுக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2003-இல் மேரி ஷெரிடன் தொகுத்த 451 நேர்வுகளில் இறந்தவர்கள் 6 விழுக்காடு. இதைவிடக் கொடியது டேவிட் சவுத்தால் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. மூச்சு நின்றுபோவதாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டும், வேறு வகையில் ஐயத்துக்கு இடமாகியும் இருந்த 39 குழந்தைகளை லண்டனிலும் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டிலும் இரண்டு மருத்துவமனைகளில் மறைவான கேமரா வைத்துக் கண்காணித்தார்கள். 33 குழந்தைகளைப் பெற்றோரோ வளர்ப்போரோ துன்புறுத்துவது பதிவாயிற்று. அவர்களில் 30 பேருடைய மூச்சை வேண்டுமென்றே அடைப்பது தெரிந்தது. கண்காணிக்கப்பட்ட 39 குழந்தைகளின் உடன்பிறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 12 பேர் முன்னரே திடீரென இறந்துபோனவர்கள். இப்படியும் நடக்குமா என்ற கேள்வி இந்த எண்களோடு முடிந்துவிடுகிறது. எஞ்சுவது, நடக்கிறது என்பதை எப்படி அறிவது என்ற கேள்வி.

அறிவைத் தரும் வழிகளை நம் நூல்கள் அளவை என்று பேசின. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அளவையில்தான் தொடங்குகிறது. ஆறு என்றும் பத்து என்றும் பிறர் விரித்தவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. கண்டறிவது, கண்டதிலிருந்து ஊகித்தறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டறிவது. மூன்றாவதுதான் இங்கே நமக்கு வேண்டியது. யார் சொல் அளவையாகும்? நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவரான ஆப்தருக்கு மூன்று தகுதிகளை வைக்கிறார்: விஷயத்தை நேரில் அறிந்திருக்க வேண்டும், உயிர்களிடத்தில் இரக்கம் வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் வேண்டும். இந்தத் தகுதி முனிவருக்கும் சான்றோருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் அவர் சொல்கிறார். அதாவது, பிறப்போ பதவியோ உறவோ ஒருவரை ஆப்தராக்காது. இந்த மூன்றும் இருப்பதே ஆக்கும். தாய் விஷயத்தில் நாம் இதை மறந்துவிடுகிறோம். அவள் குழந்தையுடனேயே இருக்கிறாள், ஆகவே அறிவாள். அவள் கண் கலங்குகிறது, ஆகவே இரங்குகிறாள். இந்த இரண்டையும் கண்டவுடன் மூன்றாவதைக் கேட்காமலே எழுதிக்கொள்கிறோம். புனைந்த நோய் என்னும் கொடுமை குடியிருப்பது சரியாக இந்த இடத்தில்தான். அவள் விஷயத்தை அறிந்தவளே, மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவள். வார்டில் அவளைவிடப் பொறுமையாக, நர்ஸ்களுக்கு அவளைவிட ஒத்தாசையாக இருப்பவர்கள் அரிது. உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் மட்டும் இல்லை. அதுவரை பதிவானவர்களில் 796 பேரைப் பற்றிய குறிப்புகளை 2017-இல் யேட்ஸும் பாஸும் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் தாய்மார்கள். தொழில் பற்றிய தகவல் இருந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருத்துவம் சார்ந்த வேலையில் இருந்தவர்கள். அறிவும் பரிவும் தெரிகிற இடத்தில் வாய்மையும் இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்ற எல்லாக் கொடுமைகளிலிருந்தும் இதைப் பிரிக்கும் ஒன்று உண்டு. குழந்தையை அடிப்பவர் தன் கையால் அடிக்கிறார். நோயைப் புனைபவர் பெரும்பாலும் மருத்துவரின் கையால் துன்புறுத்துகிறார். கேயின் உடம்பில் குழாய் விட்டதும், மயக்கமருந்து கொடுத்ததும், வேண்டாத மருந்தை ஆண்டுக்கணக்கில் செலுத்தியதும் நல்லெண்ணமுள்ள மருத்துவர்களே. ஆகவே ‘அவள் பொய் சொல்கிறாளா என்று ஆராய நான் போலீஸ்காரன் அல்ல’ என்று மருத்துவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பொய்யை ஆராய்வது அவர் வேலை இல்லாமல் இருக்கலாம். தன் கை என்ன செய்கிறது என்று பார்ப்பது நிச்சயம் அவர் வேலை. இந்த உணர்விலிருந்துதான் 2007-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் அறிக்கை, தாயின் மனத்தை ஆராய்வதை விட்டுவிட்டு மூன்று கேள்விகளை முன்வைத்தது. சொல்லப்படும் வரலாறும் அறிகுறிகளும் நம்பும்படி இருக்கின்றனவா? தேவையில்லாத, தீங்கான அல்லது தீங்காகக்கூடிய சிகிச்சை குழந்தைக்கு நடக்கிறதா? நடக்கிறதென்றால் அதைத் தூண்டுவது யார்? தாய் எப்படிப்பட்டவள் என்ற கேள்வி இந்த மூன்றிலும் இல்லை. அவள் ஏன் செய்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே குழந்தையைக் காப்பாற்றத் தொடங்கலாம் என்பதே இதன் உட்பொருள். என் வாதமும் இதையே பற்றி நிற்கிறது: ஐயுற வேண்டியது சொல்லை. ஆளை ஐயுறுவது அதற்குப் பிறகு வருவது, வேறு சான்றுகள் வேண்டுவது, பெரும்பாலும் வேறொருவர் செய்ய வேண்டியது.

சொல்லை ஐயுறுவதற்கும் ஆளை ஐயுறுவதற்கும் உள்ள தூரத்தை அளக்க அதே ராய் மெடோவைப் பார்த்தால் போதும். 1999-இல் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர் தன் இரண்டு ஆண் குழந்தைகளைக் கொன்றதாக இங்கிலாந்தில் விசாரிக்கப்பட்டார். அது நோயைப் புனைந்த வழக்கு அல்ல, கொலை வழக்கு. ஆனால் தாயை ஐயுறும் கலையில் அப்போது மெடோவே பேராசான். சாலி கிளார்க்கினுடையதைப் போன்ற குடும்பத்தில் தொட்டில் மரணம் (காரணம் தெரியாமல் கைக்குழந்தை திடீரென இறப்பது) நேர்வதற்கான வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்ற கணக்கை அதனாலேயே பெருக்கி, இரண்டு முறை நேர்வதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று சாட்சி சொன்னார். ஒரே குடும்பத்தில் மரபணுவும் சூழலும் பொதுவாயிருக்கும்போது ஒரு மரணமும் அடுத்ததும் தொடர்பற்றவை என்று கொண்டு பெருக்குவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிது என்பதை எடைபோடாமல் விட்டது. 2001-இல் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி இந்தக் கணக்கைப் பகிரங்கமாக மறுத்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமி இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவுகள் மறைந்துகிடந்ததும் வெளிவந்து, 2003 ஜனவரியில் தண்டனை ரத்தாயிற்று. விடுதலையான சாலி கிளார்க் 2007-இல் இறந்தார். 1977-இல் ஒரு குழந்தையைக் காப்பாற்றியவரும் 1999-இல் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்ப உதவியவரும் ஒரே மனிதர், குழந்தைகள் மேல் அதே அக்கறை உள்ளவர். வேறுபாடு அவர் குணத்தில் இல்லை. கையாண்ட அளவையில் இருக்கிறது. முதல் முறை அவர் 57 குப்பிகளைப் பார்த்தார். முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் தன் ஐயத்தைக் கைவிட்டிருக்க முடியும். இரண்டாம் முறை ஒரு பொது விதியைப் பார்த்தார். அந்தத் தாய் என்ன காட்டினாலும் அந்த விதி அவளை விடுவிக்காது.

அப்படியானால் காண்டலை மட்டும் நம்பலாமா? அதிலும் திரிபுக்காட்சி உண்டு என்று சித்தியாரே எச்சரிக்கிறது. 1989-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பட்ரீஷியா ஸ்டாலிங்ஸ் என்பவரின் கைக்குழந்தை ரயன் வாந்தியும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்கு வந்தான். கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸின் எத்திலீன் கிளைகால் என்ற நச்சு அவன் ரத்தத்தில் இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னது. குழந்தையைப் பிரித்து வேறிடத்தில் வளர்த்தார்கள். தாய் பார்க்க வந்துபோன பிறகு மறுபடி நோய்வாய்ப்பட்டு அவன் இறந்தான். சார்ல்ஸிடம் கண்ட அதே ஒழுங்கு இங்கேயும் தெரிகிறது: தாய் இல்லாதபோது நலம், தாய் வந்ததும் நோய். அவர் சிறையில் இருக்கும்போது பெற்ற அடுத்த மகன், தாயின் கை படாமலே அதே அறிகுறிகளோடு நோயுற்றான். அவனுக்கு மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற பரம்பரை நோய் என்று தெரிந்தது. அப்படியிருந்தும் 1991-இல் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ரயனின் ரத்தத்தைத் திரும்பப் பரிசோதித்த பின்புதான் உண்மை வெளிவந்தது. அந்த நோயில் உடலே உண்டாக்கும் புரோப்பியானிக் அமிலத்தை ஆய்வுக்கூடம் எத்திலீன் கிளைகால் என்று தவறாகப் படித்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. இங்கே தாயின் சொல்தான் உண்மை. கருவியின் சொல் பொய். கருவி சொன்னதை யாரும் சொல் என்று எண்ணவில்லை, கண்ணால் கண்டதாகவே எண்ணினார்கள் என்பதில்தான் தவறு நேர்ந்தது.

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயத்துக்கு வேண்டிய ஒழுக்கம் தெரிகிறது. தனித்து நிற்கும் எந்த அளவையும் போதாது: கேயின் கதையில் உரை பொய்த்தது, சாலி கிளார்க்கின் கதையில் கருதல் பொய்த்தது, ஸ்டாலிங்ஸின் கதையில் காண்டலே பொய்த்தது. ஆகவே ஒன்றை ஒன்று சரிபார்க்க வேண்டும். தாய் சொல்வதைக் குழந்தையின் உடல் ஒத்துக்கொள்கிறதா, உடல் காட்டுவதைப் பழைய மருத்துவக் குறிப்புகள் ஒத்துக்கொள்கின்றனவா, ஆய்வுக்கூடத்தின் முடிவை இன்னொரு முறை இன்னோர் இடத்தில் செய்த பரிசோதனை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஐயம் தோற்கத் தயாராயிருக்க வேண்டும். என்ன தெரியவந்தால் இந்த ஐயத்தைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதவர் ஐயுறவில்லை. முடிவுகட்டிவிட்டுச் சான்று தேடுகிறார். ஸ்டாலிங்ஸின் அடுத்த மகன் நோயுற்ற அன்றே அந்த வழக்கு நின்றிருக்க வேண்டும். நிற்காமல் போனதற்கு அறியாமை காரணம் அல்ல; ஐயத்தை மாற்றிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாவதாக, ஐயத்தின் முதல் செயல் சிறியதாக இருக்க வேண்டும்: மாதிரியை நர்ஸ் பிடிக்கட்டும், அடுத்த பரிசோதனை ஒரு வாரம் பொறுக்கட்டும், பழைய மருத்துவருக்கு ஒரு போன் செய்வோம். இவை யாரையும் குற்றம்சாட்டுவதில்லை. சார்ல்ஸின் நிலை போல உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இந்த நிதானத்துக்கு இடமில்லை. முதலில் குழந்தையைப் பாதுகாப்பில் வைத்துவிட்டுத்தான் பேச்சு.

இதற்கு வரும் முதல் மறுப்பு தாய்மையின் புனிதத்திலிருந்து வருகிறது. தாயைத் தெய்வத்துக்கு முன் வைத்த சமூகங்களில் அவள் சொல்லைச் சரிபார்ப்பதே பாவம் போலத் தோன்றும். ஆனால் புனிதம் என்பது யாருக்காக என்று கேட்க வேண்டும். தாய்மையை நாம் போற்றுவது அது குழந்தையைக் காக்கிறது என்பதால். அந்தப் போற்றுதலே குழந்தையைக் காக்க முடியாமல் செய்துவிட்டால் அது தன் காரணத்தையே இழந்துவிடுகிறது. சரிபார்ப்பதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன் ரத்த வகையை இருமுறை பார்ப்பதால் ரத்த வங்கி அவமானப்படுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் செய்யும் சரிபார்ப்பு எவரையும் குற்றவாளியாக்காது. ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அவளிடம் மட்டும் செய்யும்போதுதான் அது குற்றச்சாட்டாகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலியது, நேர்மையானது. அரிய நோயுள்ள குழந்தையின் பெற்றோரும் பல மருத்துவர்களிடம் போகிறார்கள், இன்னொரு பரிசோதனை வேண்டும் என்று மன்றாடுகிறார்கள், ஒன்றுமில்லை என்ற பதிலை ஏற்க மறுக்கிறார்கள், மருத்துவ நூல்களைப் படித்துவிட்டு வந்து வாதிடுகிறார்கள். ஐயத்துக்குரிய அறிகுறிகள் என்று வழிகாட்டி நூல்கள் பட்டியலிடுபவையும் ஏறக்குறைய இவையே. பெண்கள் சொல்லும் வலியை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிய நீண்ட வரலாறு மருத்துவத்துக்கு உண்டு. அந்தப் பழக்கத்துக்கு இந்தப் பட்டியல் புதிய ஆயுதமாகிவிடும் என்று பெற்றோர் அமைப்புகள் அஞ்சுகின்றன. பிரிட்டனில் குழந்தைநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அந்நாட்டுச் சமூகப் பணியாளர் சங்கமும் இந்தக் காரணத்துக்காகவே விமர்சித்தது. இந்த அச்சம் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தாக்குவது ஆளை ஐயுறும் முறையைத்தான். பதறும் தாய், வாதிடும் தாய், மருத்துவச் சொற்கள் தெரிந்த தாய் என்பவை ஆளைப் பற்றிய விவரங்கள். இவற்றில் எதுவும் 57 குப்பிகளுக்கு ஈடாகாது. அதே 2021 வழிகாட்டுதலில் மெச்சத்தக்க பகுதியும் இருக்கிறது. குழப்பமான நேர்வுகள் என்றொரு வகையை அது தனியே வைக்கிறது: சொல்லும் உடலும் பொருந்தவில்லை, ஆனால் உடனடி ஆபத்துக்கு அடையாளமும் இல்லை. அந்த நிலையில் பெற்றோரிடம் மறைக்காமல் பேசி, தெரிந்ததையெல்லாம் ஒன்றுதிரட்டி, குழந்தை பள்ளிக்குப் போகவும் நடமாடவும் ஒரு திட்டம் வகுக்கச் சொல்கிறது. முழு நம்பிக்கைக்கும் முழுக் குற்றச்சாட்டுக்கும் நடுவில் மனிதர்கள் நிற்க ஓர் இடம் வேண்டும். உண்மையிலேயே அரிய நோயுள்ள குழந்தைக்கும் அந்த இடத்தில்தான் சரியான மருத்துவம் கிடைக்கும்.

மூன்றாவது மறுப்பு இரு திசைகளிலிருந்து வருகிறது. மறைவாகக் கேமரா வைப்பது வஞ்சனைக்கு எதிர் வஞ்சனை, அதோடு படம் பிடிப்பதற்காகக் குழந்தையைச் சில நொடி ஆபத்தில் விடவும் செய்கிறது என்பார்கள் ஒரு சாரார். கண்ணால் காணாமல் எந்தத் தாயையும் ஐயுறக் கூடாது, கேமராவில் விழுந்தால் மட்டுமே நம்புவோம் என்பார்கள் மறு சாரார். பின்னவருக்குப் பதில் மணிமேகலைக் காப்பியத்திலேயே இருக்கிறது. கண்கூடாகக் கண்டதே அளவை, கருத்தளவை நில்லாது என்று பூதவாதி சொல்லும்போது, உன் தாய் தந்தையரையே நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். உப்பு ஊட்டப்பட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தத்தில் ஏறிய உப்பும், அது ஏறிய நேரங்களும், ஏறாத நேரங்களும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். முன்னவருக்குப் பதில்: வஞ்சனை என்பது உண்மைதான், அதனால்தான் அது கடைசி வழியாக இருக்க வேண்டும். பிரிட்டனில் இன்று அதைக் காவல்துறைதான் முன்னின்று நடத்த வேண்டும் என்று வைத்திருப்பது சரி. ஆனால் சவுத்தாலின் 39 குழந்தைகளில் 33 பேரை அந்த வழிதான் வெளிக்காட்டியது என்பதை மறந்துவிட்டு அதைக் கண்டிப்பது எளிது. பார்க்கப்படாமல் இருக்கும் பெரியவரின் உரிமையையும் மூச்சு விடும் கைக்குழந்தையின் உரிமையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கடைசி மறுப்பு இரக்கத்திலிருந்து வருகிறது. இப்படிச் செய்யும் தாயே நோயாளி அல்லவா, அவளைத் தண்டிப்பது எந்த தர்மம்? 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைப் பிறர்மேல் சுமத்தும் புனைநோய் என்று வகைப்படுத்தி, நோய்ப் பெயரைச் செய்பவருக்கே கொடுக்கிறது, குழந்தைக்கு அல்ல. யேட்ஸும் பாஸும் கண்ட பெண்களில் பலர் தங்களுக்கும் நோய் புனைந்தவர்கள். தாமே சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானவர்களும் உண்டு. அவர்களுக்கு இரக்கம் காட்ட வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஆனால் ஏன் செய்தாள் என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டால் செய்தது இல்லாமல் போய்விடாது. குப்பியில் கலப்பதற்குக் காத்திருந்து, நர்ஸ் திரும்பும் நேரம் பார்த்து, அடுத்த மருத்துவரிடம் வேறு கதை சொல்லுமளவுக்குத் திட்டமிடத் தெரிந்தவர் என்ன செய்கிறோம் என்று அறியாமல் செய்தார் எனக் கொள்வது கடினம். எப்படியானாலும், தாயின் மீது எவ்வளவு பொறுப்பைச் சுமத்துவது என்பதை நீதிமன்றமும் மனநல மருத்துவரும் பிறகு தீர்மானிக்கலாம். குழந்தைக்கு நடப்பதை நிறுத்துவது அதற்காகக் காத்திருக்க முடியாது. இரக்கத்தில் முதலில் பங்கு பெற வேண்டியது வாய் திறந்து சொல்ல முடியாத உயிர். பேசத் தெரிந்த குழந்தைகூட இதில் பெரும்பாலும் ஊமைதான். தனக்கு நோய் என்றே அது நம்பி வளர்ந்திருக்கும், அல்லது அம்மா சொல்வதற்கு மாறாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று கண்டிருக்கும். ஆகவே அதன் சார்பில் பேச எஞ்சியிருப்பது அதன் உடல் ஒன்றே.

நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளியின் பழைய சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் பிளாஸ்டிக் பையில் குடும்பத்தாரிடமே இருக்கின்றன. எதைக் காட்டுவது, எதை வீட்டில் விட்டுவருவது என்பது அவர்கள் கையில். எந்த மருத்துவரிடமிருந்து எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய கதை கூடவே வர வேண்டிய கட்டாயம் இல்லை. மாதிரி பிடிப்பதும் மருந்து ஊட்டுவதும் பெரும்பாலும் உடனிருப்பவர் வேலை. நல்ல தாய்க்கு இது சுமை. பொய் சொல்பவருக்கு வசதி. இதை மாற்றப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கதையும் உடலும் பொருந்தாத குழந்தையைக் காணும் மருத்துவர், அடுத்த பரிசோதனையை எழுதுவதற்கு முன் முந்தைய மருத்துவரிடம் நேராகப் பேசட்டும். மாதிரியை நர்ஸ் எடுக்கட்டும். விசித்திரமான ஆய்வு முடிவை வேறோர் ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யட்டும். அந்தக் குழந்தையோடு அன்றாடம் பழகும் பாட்டியும் ஆசிரியரும் தாங்கள் கண்டதை மட்டும், கண்டபடி, மருத்துவரிடம் சொல்லட்டும். தெருவில் சொல்ல வேண்டாம். தாய் சொல்வது மெய்யானால் இவற்றில் எதுவும் அவளுக்குக் கேடு செய்யாது, அவள் குழந்தைக்குச் சரியான நோய்ப்பெயர் விரைவில் கிடைக்கும். பொய்யானால் ஓர் உயிர் மிஞ்சும்.